பள்ளியில் பாலியல் துன்புறுத்தல் தடுப்புப் பாடம்: சித்தூர் தாலுகா தமிழ்ப் பெற்றோரின் கேள்விகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, வேலந்தாவளம் பக்கத்து அரசுப் பள்ளிகளில் தமிழ் மீடியத்தில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் அப்பா அம்மாக்கள் கேட்ட கேள்விகள் இவை. பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் சங்க) கூட்டத்தில் எழுந்து யாரும் கேட்பதில்லை. கூட்டம் கலைந்த பிறகு, திண்ணையோரம் நின்று, "டீச்சர், ஒண்ணு கேக்கணும்" என்று ஆரம்பிப்பார்கள். எல்.பி. (தொடக்கப் பள்ளி) வகுப்புகளில் நெடுங்காலம் ஆசிரியராக இருந்தவள் என்பதால் என்னிடம் கேட்டார்கள். எல்லோருக்கும் பயன்படட்டும் என்று பதில்களை எழுதி வைக்கிறேன்.

மூணாங் கிளாஸ் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்குங்க? இப்பவே சொல்லிக் குடுத்தா கெட்டுப் போயிடாதா?

இந்தப் பாடத்தில் உடலுறவைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. உன் உடம்பு உன்னுடையது, இன்னின்ன இடங்களைப் பிறர் தொடக்கூடாது, தொட்டால் உடனே யாரிடம் சொல்ல வேண்டும், சொன்னால் உனக்கு அடி விழாது. மூன்றாம் வகுப்புக்கு இவ்வளவுதான்.

பிள்ளைகள் பயந்துவிடுவார்களோ என்ற கவலை நியாயமானது. அதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். உலகெங்கும் பள்ளிகளில் நடந்த இப்படிப்பட்ட பாடங்களைப் பற்றிய 24 ஆய்வுகளைச் சேர்த்து, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2015-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பாடம் கேட்ட பிள்ளைகளுக்கு விவரம் கூடியிருந்தது, தங்களைக் காத்துக்கொள்ளும் முறையும் தெரிந்திருந்தது, பயமோ பதற்றமோ கூடவில்லை. பாடத்தால் குற்றங்களே குறைந்துவிட்டன என்று அந்த அறிக்கை நிறுவவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். குற்றம் குறைவது பிள்ளையின் கையில் இல்லை, நம் கையில் இருக்கிறது.

இது யாராவது ஆசிரியர் தன் விருப்பத்துக்கு நடத்துறதா, இல்ல சர்க்கார் உத்தரவா?

உத்தரவுதான். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. 18 வயது ஆகாத எல்லோரும் அதன்படி குழந்தைகள், ஆண் பெண் பேதமில்லை. அந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2020-ஆம் ஆண்டு விதிகள், பிள்ளைகளின் வயதுக்கு ஏற்ற பாதுகாப்புப் பாடங்களை மத்திய, மாநில அரசுகள் தயாரிக்க வேண்டும் என்கின்றன.

கேரளத்தில் இன்னும் அழுத்தமாக ஒன்று நடந்தது. 2022 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம் ஒரு ஜாமீன் மனுவை விசாரித்தபோது, பாலியல் துன்புறுத்தல் தடுப்பைப் பள்ளிப் பாடத்திட்டத்தின் கட்டாயப் பகுதியாக்கும்படி மாநில அரசுக்கும் சி.பி.எஸ்.இ.க்கும் உத்தரவிட்டது. அமெரிக்காவின் 'எரின் சட்டத்தை' முன்மாதிரியாகப் பார்க்கச் சொன்னது. சிறுவயதில் துன்புறுத்தலுக்கு ஆளான எரின் மெரின் என்ற பெண் போராடிக் கொண்டுவந்த சட்டம் அது. அரசுப் பள்ளிகள் இந்தப் பாடத்தை நடத்தியே தீர வேண்டும் என்கிற அந்தச் சட்டம் முதலில் இல்லினாய் மாநிலத்தில் வந்து, இன்று அந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் இருக்கிறது. தீ விபத்து வந்தால் எப்படி ஓடுவது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், இதை ஏன் யாரும் சொல்லித்தரவில்லை என்பதே அவர் எழுப்பிய கேள்வி. நம் ஊர்ப் பெண்கள் எத்தனையோ பேர் மனதுக்குள் இதையே கேட்டிருப்பார்கள்.

அப்படி என்னதான் சொல்லிக் குடுக்கறீங்க?

சென்னையிலோ திருவனந்தபுரத்திலோ அச்சடித்த படங்களில் நீச்சலுடை போட்ட பிள்ளை இருக்கும், "நீச்சலுடை மூடும் இடங்கள்" என்று விளக்கம் இருக்கும். எங்கள் பிள்ளைகள் குளிப்பது வாய்க்காலிலும் தோப்பு மோட்டாரிலும். நீச்சலுடையை அவர்கள் கண்டதில்லை. அதனால் "ஜட்டி மூடுற இடம், நெஞ்சு, வாய்" என்றே சொல்லிவிடுவேன். வகுப்பு ஒரு நிமிடம் சிரிக்கும். சிரித்து முடித்தபின் கவனமாகக் கேட்கும்.

அந்த இடங்களை யாரும் தொடக்கூடாது, பார்க்கக்கூடாது, படமெடுக்கக்கூடாது. அடுத்தவருடையதைத் தொடும்படி உன்னிடம் சொல்லவும் கூடாது. குளிப்பாட்டும் அம்மாவும், அம்மா பக்கத்தில் நிற்க ஊசி போடும் டாக்டரும் விலக்கு. அடுத்தது ரகசியம். பிறந்தநாளுக்கு வாங்கிய சட்டையைச் சொல்லாமல் வைத்திருப்பது சந்தோஷமான ரகசியம், நாலு நாளில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். "யாருகிட்டயும் சொல்லாத, சொன்னா அம்மா செத்துப்போயிடும்" என்று ஒருவர் சொன்னால் அந்த ரகசியத்தை வைத்திருக்கவே கூடாது.

பிறகு கையைத் தாளில் வைத்து வரையச் சொல்வோம். ஒவ்வொரு விரலிலும், நீ நம்பிச் சொல்லக்கூடிய ஒரு பெரியவர் பெயர். ஒரு பெயராவது வீட்டுக்கு வெளியே உள்ளவருடையதாக இருக்க வேண்டும், ஏனென்றால் பிரச்சினை வீட்டுக்குள்ளேயும் இருக்கலாம். ஒரு வருடம் இப்படி வரைந்தபோது, வகுப்பில் பல பிள்ளைகள் பள்ளியில் கஞ்சியும் பயறும் ஆக்கிப்போடும் அக்காவின் பெயரை எழுதியிருந்தார்கள். தட்டில் இன்னொரு கரண்டி கேட்டால் முகம் சுளிக்காமல் போடுகிறவர் அவர். அன்று சாயங்காலமே அவரிடம் போய், பிள்ளைகள் உங்களைத்தான் நம்புகிறார்கள், ஏதாவது சொன்னால் இப்படி இப்படிச் செய்யுங்கள் என்று விளக்கினோம். பயிற்சி வகுப்புக்கு ஆசிரியர்களை மட்டும் அழைப்பது போதாது என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன். சமையல் அக்கா, ஸ்கூல் பஸ் ஆயா, ஆட்டோ ஓட்டும் அண்ணன், அங்கன்வாடி டீச்சர், ஆஷா ஊழியர் எல்லோரும் அதில் உட்கார வேண்டியவர்கள்.

குட் டச், பேட் டச் தெரிஞ்சா போதாதா?

போதாது. கெட்ட தொடுதல் என்றால் வலிக்கும், அருவருப்பாக இருக்கும் என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறது. ஏமாற்றுகிறவர் பெரும்பாலும் வலிக்கச் செய்து ஆரம்பிப்பதில்லை. மிட்டாய், போனில் கேம், வண்டியில் ஒரு ரவுண்டு, "நீதான் எனக்குச் செல்லம்" என்ற பேச்சு, மடியில் உட்காரவைத்தல் என்று மெல்ல மெல்ல வருவார். அதுவரை அந்தப் பிள்ளைக்கு அவரைப் பிடித்திருக்கும். தொடுதல் கூச்சமாகவோ இதமாகவோகூட இருந்திருக்கலாம், அதனாலேயே தன்மேல் தப்பு என்று நினைத்து வாய் திறக்காது. ஆகவே எந்த இடம், எந்த ரகசியம் என்ற விதியை முன்வைத்துச் சொல்லித்தருவது மேல். உனக்குப் பிடித்திருந்தாலும், நீ 'வேண்டாம்' என்று சொல்லாமல் இருந்திருந்தாலும், எத்தனை நாள் கழித்துச் சொன்னாலும் தப்பு உன்னுடையது இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முறை மாமன் கிள்றது, கட்டிக்கிறியான்னு கேக்கறது எல்லாம் நம்ம பழக்கம்தானே? அதையும் தப்புங்கறீங்களா?

கேலியைத் தப்பென்று சொல்ல வரவில்லை. பிள்ளை நெளியும்போதும் நிறுத்தாததைச் சொல்கிறேன். அத்தை வீட்டுச் சீர், காதுகுத்து, மாரியம்மன் பொங்கல் என்று சொந்தம் கூடும் இடத்தில், மாமன் முறை, மச்சான் முறை என்ற பெயரில் கன்னத்தைக் கிள்ளுவது, இழுத்து மடியில் உட்காரவைப்பது, "எம்பொண்டாட்டி" என்று கூப்பிடுவது எல்லாம் சர்வசாதாரணம். பிள்ளை முகத்தைச் சுருக்கிக்கொண்டு ஓடினால் சுற்றி இருக்கிற நாம் சிரிக்கிறோம், "மாமாதானே, என்ன பண்ணிடுவாரு" என்கிறோம். அந்தச் சிரிப்பிலிருந்து பிள்ளை ஒன்றைப் புரிந்துகொள்கிறது: முறை உள்ளவர் தொட்டால் பொறுத்துக்கொள்ள வேண்டும். அன்று கிள்ளிய மாமன் நல்லவராகவே இருப்பார். பிள்ளை பொறுத்துக்கொள்ளப் பழகியதைப் பயன்படுத்துகிறவர் வேறொருவராக இருக்கலாம்.

தாத்தாவுக்கு முத்தம் கொடு என்று வற்புறுத்தாதீர்கள். கொடுக்க மனமில்லை என்றால் கும்பிடட்டும், போதும். பிள்ளை "வேண்டாம்" என்றதும், "சரிடா கண்ணு" என்று விட்டுவிடுகிற ஒரு பெரியவரை அது வீட்டில் பார்த்தால், பள்ளியில் நாங்கள் நடத்தும் பாடத்துக்கு ஒரு அர்த்தம் வருகிறது.

வெளியூர்லேர்ந்து வேலைக்கு வந்து தங்கியிருக்கிறவங்களாலதான பயம்?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருடாவருடம் தரும் கணக்கில், போக்சோவின் கடுமையான பிரிவுகளில் பதிவாகும் வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்தவர். உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், குடும்ப நண்பர், வண்டி ஓட்டுகிறவர், பாடம் சொல்லித்தருகிறவர். வெளியூர்க்காரரைக் காட்டி மட்டும் பயமுறுத்தி வளர்த்த பிள்ளைக்கு, தெரிந்த ஆள் கை வைக்கும்போது என்ன செய்வதென்று தெரியாது.

நம் பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. விடியற்காலை பிக்கப் வண்டி ஏறிப் பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்புக்கும் மில்லுக்கும் போகிற அப்பா அம்மா இருட்டிய பிறகுதான் திரும்புகிறார்கள். பள்ளி விட்ட நேரத்திலிருந்து அதுவரை பிள்ளை யார் கண்ணில் இருக்கிறது என்று ஒவ்வொரு வீட்டிலும் கணக்குப் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் நம்ம பக்கம் நடக்குமா?

2017 ஜனவரியில் வாளையார் அருகே அட்டப்பள்ளத்தில் 13 வயதுப் பெண் பிள்ளை இறந்து கிடந்தாள். மார்ச் முதல் வாரத்தில் அவளுடைய 9 வயதுத் தங்கையும் இறந்தாள். அக்காவின் பிரேதப் பரிசோதனையிலேயே பாலியல் துன்புறுத்தலுக்கான அறிகுறி குறிக்கப்பட்டிருந்தது. அந்த வழக்கு அதன்பின் எத்தனையோ நீதிமன்றப் படிகளைக் கண்டுவிட்டது, அதற்குள் நான் போகவில்லை. ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவே இருந்த ஏழு வாரங்கள்தான் என் நெஞ்சை அறுக்கிறது. அந்த ஏழு வாரத்தில் பெரியவர்கள் செயல்பட்டிருக்க முடியும். பாலக்காடு மாவட்டத்தில் இருந்துகொண்டு இங்கே நடக்குமா என்று கேட்க நமக்கு இடமில்லை.

ஆம்பளப் பையனுக்கு என்ன ஆகப்போகுது?

மத்திய பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நேரடியாகக் கேட்டது. 53 சதவீதத்துக்கும் மேல் ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் பாதிக்கு மேல் பையன்கள். பையனை யாரும் கேட்பதில்லை, கேட்டாலும் "ஆம்பளப் புள்ள அழுவலாமா" என்று முடித்துவிடுகிறோம். சட்டத்தில் அவனுக்கும் அதே பாதுகாப்பு. இந்த வகுப்பில் பையன்களை வெளியே விளையாட அனுப்பிவிட்டுப் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் நடத்தினால், தயவுசெய்து எதிர்த்துக் கேளுங்கள். பட்ஸ் ஸ்கூல் என்ற சிறப்புப் பள்ளியில் படிக்கும் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கும் இது வேண்டும், அவர்களுக்குப் படமும் பொம்மையும் வைத்து இன்னும் மெதுவாக.

பிள்ளை ஏதோ சொல்லிடுச்சு. மொதல்ல என்ன செய்யணும்?

முதலில் உங்கள் முகத்தை அடக்குங்கள். நீங்கள் தலையில் அடித்துக்கொண்டு அழுதால், "அவனை வெட்டிப் போட்டுடறேன்" என்று கத்தினால், பிள்ளை அந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளும். பல பிள்ளைகள் முதலில் கொஞ்சம் மட்டும் சொல்லிப் பார்க்கும். நாம் தாங்குகிறோமா என்று பார்த்துத்தான் மீதி வரும். பக்கத்தில் உட்காருங்கள். "நீ எங்கிட்ட சொன்னது நல்லதுடா சாமி. உம்மேல தப்பே இல்ல. இனி நான் பாத்துக்கறேன்." இந்த மூன்று வாக்கியமும் அப்போது எந்த மருந்தையும்விடப் பெரியது.

"அப்பவே ஏன் சொல்லல", "நீ ஏன் அங்க போன" என்று கேட்காதீர்கள். துருவித் துருவி விசாரிக்க வேண்டாம், சித்தியிடம் ஒருமுறை, பாட்டியிடம் ஒருமுறை என்று திரும்பச் சொல்லவைக்கவும் வேண்டாம். பிள்ளை சொன்னதை அதன் வார்த்தையிலேயே, தேதியோடு ஒரு தாளில் எழுதிவையுங்கள்.

சமீபத்தில் நடந்தது என்றால் குளிப்பாட்டாதீர்கள், துணியைத் துவைக்காமல் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போலீஸ் காகிதம் இருந்தால்தான் பார்ப்போம் என்று எந்த ஆஸ்பத்திரியும் சொல்லக்கூடாது, சிகிச்சையும் இலவசம். தேவைப்பட்டால் கொடுக்கும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும் என்பதால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். பெண் பிள்ளையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும், நீங்கள் கூடவே இருக்கலாம்.

உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098, எந்த நேரமும், கட்டணமில்லை. அவசரம் என்றால் 112. பிள்ளையே 1098-ஐக் கூப்பிடலாம். இந்த எண்ணை வீட்டுச் சுவரில், பிள்ளையின் கண் உயரத்தில் எழுதிவையுங்கள்.

போலீஸ் ஸ்டேஷன்ல எல்லாம் மலையாளம். எங்க பிள்ளைக்குத் தமிழ்தான் வரும். என்ன எழுதிக்குவாங்களோன்னு பயமா இருக்குங்க.

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான் என்பேன். நம் பிள்ளைகள் கடையில், பஸ்ஸில் மலையாளம் பேசிவிடுவார்கள். நடுங்கிப்போய் இருக்கும்போது வீட்டுப் பேச்சு மட்டுமே வரும். "மேல வந்து விழுந்தாங்க" என்று பிள்ளை சொன்னால், கால் தடுக்கி விழுந்ததாகவும் எழுதலாம், நடந்ததை நடந்தபடியும் எழுதலாம். வழக்கு அந்த ஒரு வரியில் நிற்கும்.

போக்சோவின் 19-ஆம் பிரிவு இதற்கு வழி வைத்திருக்கிறது. பிள்ளை சொல்வதை அதற்குப் புரியும் எளிய மொழியில் பதிவு செய்ய வேண்டும். எழுதும் மொழி பிள்ளைக்குப் புரியாது என்றால் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்து தர வேண்டும், அவருக்கான கட்டணம் உங்கள் தலையில் விழாது. கேளுங்கள், இது சலுகை இல்லை. எழுதியதைத் தமிழில் வாசித்துக்காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-ன்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழர் தமிழிலேயே எழுதலாம். ஆகவே புகாரையும் தமிழில் எழுதிக் கொடுக்கத் தயங்க வேண்டாம்.

பிள்ளையை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பதில்லை. வீட்டிலோ பிள்ளைக்குப் பிடித்த இடத்திலோ, கூடியவரை எஸ்.ஐ. அல்லது அதற்கு மேல் பதவியில் உள்ள பெண் அதிகாரி, யூனிபார்ம் போடாமல் வந்து கேட்க வேண்டும். ராத்திரியில் ஸ்டேஷனில் வைத்திருக்கக்கூடாது. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் போக வேண்டும். வழக்கு முடியும்வரை கூடவே வர ஒரு துணையாளரை அந்தக் குழு நியமிக்கலாம். தமிழ் பேசுகிற துணையாளர் வேண்டும் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். கோர்ட்டில் பிள்ளை எதிராளியின் முகத்தைப் பார்த்துச் சாட்சி சொல்ல வேண்டாம், திரை போட்டோ வீடியோவிலோ கேட்பார்கள். பிள்ளையின் பெயர், படம், பள்ளி எதையும் பத்திரிகையில் போடக்கூடாது. வாட்ஸப் குரூப்பில் நாமும் போடக்கூடாது.

சொந்தக்காரங்க விஷயம். ஊர்ல நாலு பேரை வெச்சுப் பேசி முடிச்சுக்கலாமா?

கூடாது. பேசி முடித்த இடங்களில் என்ன நடக்கிறது என்று பார்த்திருக்கிறேன். அவர் காலில் விழுவார், கொஞ்சம் பணம் கைமாறும், அடுத்த நோம்பிக்கு அதே வீட்டுக்குச் சாப்பிட வருவார். பிள்ளை அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

சட்டப்படியும் வழியில்லை. குற்றம் நடந்தது தெரிந்தவரும், நடக்கப்போகிறது என்று அஞ்சுகிறவரும் போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ. பிள்ளைகளுக்கு இந்தத் தண்டனை கிடையாது. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர்மேல் வழக்கு வராது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றமும், தெரிந்திருந்தும் புகார் செய்யாமல் இருப்பது கடும் குற்றம் என்றது. ஊர்ப் பெரியவரோ, வார்டு மெம்பரோ, வார்டு ஜாக்ரதா சமிதி என்ற உள்ளூர்க் கண்காணிப்புக் குழுவோ கூட நின்று உதவலாம். சமாதானம் செய்துவைக்க அவர்களுக்கு அதிகாரமில்லை.

ஸ்கூல்லயே, சாரே தப்புப் பண்ணினா?

பள்ளியில் வேலை செய்கிறவர் செய்தால் சட்டம் அதைக் கூடுதல் கடுமையான குற்றமாகவே எடுத்துக்கொள்கிறது. மோசமான வகைக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 20 வருடம். தனக்குக் கீழ் வேலை செய்கிறவரின் குற்றத்தைத் தலைமையாசிரியரோ நிர்வாகமோ மறைத்தால் ஒரு வருடம் வரை சிறையும் அபராதமும். "ஹெச்.எம். கிட்ட சொல்லிட்டேன், அவர் பாத்துக்குவார்" என்று ஓர் ஆசிரியர் கை கழுவ முடியாது. பள்ளியின் பேர் கெடும் என்பார்கள். ஆசிரியராக இருந்தவள் சொல்கிறேன், மறைத்த பள்ளிக்குத்தான் பேர் கெட வேண்டும்.

நாங்க இருக்கிறது கேரளா. நடந்தது கோபாலபுரம் தாண்டி, பொள்ளாச்சி பக்கம். எந்த ஸ்டேஷன்?

பக்கத்தில் எது இருக்கிறதோ அது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், எந்த இடத்தில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்று எழுதியே இருக்கிறது. ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பார்கள். அவர்களே உரிய ஸ்டேஷனுக்கு மாற்றுவார்கள். "இது தமிழ்நாடு, அங்க போங்க" என்று செக்போஸ்ட்டுக்கு அந்தப்பக்கம் துரத்தினால், 112-ஐக் கூப்பிட்டு அந்த ஸ்டேஷன் பெயரைச் சொல்லுங்கள். பிள்ளை தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்தால், அங்கே கல்வித் துறையின் 14417 எண்ணும் இருக்கிறது.

போன்ல வர்ற தொல்லைக்கு?

படம் கேட்டு மிரட்டுவதும் போக்சோ குற்றம்தான். அழிக்காதீர்கள், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துப் புகார் கொடுங்கள். போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் பிள்ளைகள் மறைக்கிறார்கள். சொன்னால் போனைப் பிடுங்கமாட்டேன் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுங்கள்.

அடுத்த பி.டி.ஏ.வில் நாங்க என்ன கேக்கலாம்?

இந்தப் பாடம் எந்த மாதம், எந்த வகுப்புக்கு, யார் நடத்துகிறார்கள் என்று கேளுங்கள். வருடத்தில் ஒரு நாள் வெளியாளை அழைத்துவந்து மலையாளத்தில் கிளாஸ் எடுத்து, போட்டோ பிடித்து அனுப்புவதைக் கணக்கில் சேர்க்க விடாதீர்கள். தமிழ் மீடியம் பிள்ளைக்குத் தமிழில், ஒவ்வொரு பருவத்திலும் வேண்டும். கவுன்சிலர் எந்தக் கிழமை வருகிறார், அவருக்குத் தமிழ் தெரியுமா, தனியாகப் பேச ஓர் அறை இருக்கிறதா என்று கேளுங்கள். பள்ளியில் வேலைக்குச் சேரும் எல்லோருக்கும், தினக்கூலி ஆட்கள் உள்பட, போலீஸ் வெரிஃபிகேஷன் முடிந்ததா என்பதை மினிட்ஸ் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். 2020 விதிகள் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. கழிப்பறைக் கதவுத் தாழ்ப்பாளையும் ஒருமுறை நீங்களே போய்ப் போட்டுப் பாருங்கள்.